காயலான் கடைக் கணக்கு

காருக்குப் பத்து வயது தாண்டினால் போதும், இந்தக் காட்சி எல்லோர் வாழ்க்கையிலும் வரும். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி ஒரு நிமிடம் உள்ளே பார்ப்பார். அப்புறம் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: ‘சார், புதுசு போட்டுடலாமா, இல்ல பழசுல ஒண்ணு தேடிப் பாக்கட்டுமா?’

சின்னக் கேள்விதான். ஆனால், பதில் சொல்வதற்குள் வியர்த்துவிடும். புதுசு என்றால் செலவு பயமுறுத்துகிறது. பழசு என்றால், நடுரோட்டில் நிற்க நேருமோ என்ற பயம்.

சென்னையில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள், இரண்டு இடங்களில் இருக்கின்றன. ராயப்பேட்டை பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. வரிசையாகப் புது உதிரி பாகக் கடைகள். பெட்டி, சீல், பில் எல்லாம் உண்டு. அண்ணா சாலையைத் தாண்டிக் கூவம் ஓரமாக வந்தால் புதுப்பேட்டை. இங்கே பெட்டியும் கிடையாது, சீலும் கிடையாது. கூரை வரைக்கும் கதவுகள், கியர் பாக்ஸ்கள், கண்ணில்லாத முகம் மாதிரி ஹெட்லைட் கழற்றிய முன்பக்கங்கள். ஒரே ஊர், ஒரே கார், இரண்டு விலை.

எது சரி? இதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம்.

முதலில் ஒன்று. கார் பிறந்த காலத்தில் ‘ஸ்பேர் பார்ட்’ என்பதே பெயருக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு காரும் கைவேலை. ஒரு பாகம் சரியாக உட்காரவில்லையா, அரத்தை எடுத்து ராவி ராவி உட்கார வைப்பார்கள். அதனால் உங்கள் காரின் பாகம் உங்கள் காருக்கு மட்டும்தான் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே கம்பெனி கார் இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இதை ஊரறிய உடைத்துக் காட்டியது 1908-ல் நடந்த ஒரு பரீட்சை. இடம், இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடல். நடத்தியது ராயல் ஆட்டோமொபைல் கிளப். அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனியின் மூன்று கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்றையும் நட்டு, போல்ட் விடாமல் கழற்றினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. எது எந்த வண்டியுடையது என்று தெரியாதபடி கலந்துவிட்டார்கள். போதாததற்கு அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, டீலரின் ஸ்டாக்கிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். ‘இப்போ பூட்டுங்க பார்ப்போம்!’

மெக்கானிக்குகளின் கையில் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும்தான். அரம் கூடாது. மூன்று கார்களும் எழுந்து நின்றன. வண்ணம் மட்டும் கலந்துபோய்க் கோமாளி மாதிரி இருந்ததாம். அந்த மூன்றும் திடலில் ஆளுக்கு 500 மைல் ஓடின. கேடிலாக்குக்கு டூவர் கோப்பை கிடைத்தது. கம்பெனியின் நிறுவனர் ஹென்றி லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கற்றவர். துப்பாக்கிக்குப் பழகிய துல்லியத்தைக் காருக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்குப் புது பாகங்களின் சந்தைக்கு வழி பிறந்தது. கூடவே, யாரும் கவனிக்காமல் இன்னொன்றுக்கும் பிறந்தது. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் பொருந்தும் என்றால், செத்த காரின் பாகமும் உயிரோடு இருக்கும் காருக்குப் பொருந்துமே! ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் ஒரே பிரசவத்தில் பிறந்த இரட்டையர்கள்.

இதற்குத் தூபம் போட்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஃபோர்டு தன் ‘மாடல் டி’ காரை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமில்லாமல் ஒன்றரைக் கோடி செய்து தள்ளியது. ஸ்லோன் வேறு ரூட்டில் போனார். வருஷா வருஷம் புது மாடல். போன வருஷத்து கார் இந்த வருஷமே பழசாகத் தெரிய வேண்டும். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பழைய மாடல்கள் சீக்கிரமே ஊருக்கு வெளியே இருந்த கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் பிரித்து விற்க ஆரம்பித்தார்கள்.

நம் ஊரில் அதற்குப் பெயர் காயலான் கடை. காயல்பட்டினத்திலிருந்து வந்த வியாபாரிகள் இந்தத் தொழிலை நடத்தியதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். 

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானக் கணக்கு மறந்திருக்காது. வாங்கிய விலையில் ஸ்க்ராப் வேல்யூவைக் கழி, ஆயுட்காலத்தால் வகு. பாடப்புத்தகத்தில் அந்த ஸ்க்ராப் வேல்யூ எப்போதுமே ஒரு குட்டித் தொகைதான். ஏதோ பேருக்கு இருக்கட்டும் என்கிற மாதிரி. காயலான் கடைக்காரர் அந்தக் குட்டித் தொகையைக் கொடுத்துத்தான் வண்டியை வாங்குகிறார். ஆனால், அவர் விற்பது வண்டியை இல்லை. நாலு கதவு, ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு ரேடியேட்டர், ஒரு ஜோடி ஹெட்லைட், சீட்டுகள், கண்ணாடிகள்... ஒவ்வொன்றுக்கும் தனி விலை. முழுசை விடத் துண்டுகளின் கூட்டுத்தொகை பெரிசு. எந்த அக்கவுன்டன்சி வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை!

இந்தியாவுக்கு வருவோம். இங்கே பழசுக்கு மரியாதை வந்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் கிடையாது. பஞ்சம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம். மலேயா ஜப்பான் கையில் போனதும் ரப்பருக்கும் திண்டாட்டம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் அப்போது பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓட்ட ‘கேஸ் பிளான்ட்’ தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் தொடங்கினார். பழசைத் தூக்கிப் போடாதே, அதிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு. இதுதான் அன்றைய பாடம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறு மாதிரிப் பஞ்சம். இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருந்தால் இரு, வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதென்றால் கிளம்பு என்று 1953-ல் அரசு சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. அவர்கள் விற்ற கார்கள் மட்டும் இங்கேயே நின்றன. கம்பெனி போய்விட்டது, இறக்குமதிக்குக் கெடுபிடி. அந்த கார்களை வைத்திருந்தவர்களுக்குப் ‘புதுசா, பழசா’ என்ற கேள்வியே எழவில்லை. கிடைப்பதை வாங்கு!

இதே கெடுபிடி இன்னொரு நல்ல காரியமும் செய்தது. பாகங்களை உள்ளூரிலேயே செய்தாக வேண்டும் என்பதால் மெட்ராஸைச் சுற்றி ஒரு தொழிலே முளைத்தது. 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ். பிறகு பாடியில் வரிசையாக வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியா 1962. 1929-ல் வியாபார நிறுவனமாக ஆரம்பித்த ராணே, பின்னாளில் ஸ்டியரிங் பாகங்கள் தயாரிக்க இறங்கியது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்க, பக்கத்திலேயே சரக்கு தயாரானது.

அந்தக் காலத்துக்கென்றே ஒரு காரும் இருந்தது. அம்பாசடர்! 1950-களின் கடைசியில் வந்தது, 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் நின்றது. இடையில் எஞ்சின் மாறியது, முன்பக்க கிரில் மாறியது. உடம்பு மட்டும் ஏறக்குறைய அதே உடம்புதான். ஸ்லோனின் வருஷத்துக்கொரு மாடலுக்கு நேர் எதிர். அப்பா காலத்து வண்டியின் கதவைப் பிள்ளை காலத்து வண்டிக்குத் தேடலாம் என்கிற நிலைமை. அதனால்தான் எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கும் அதைப் பிரித்து மேய்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு கார் தப்பிப் பிறந்தது. அதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது.

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கஸல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். 1985-ல் அவர்கள் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு சொகுசு காரை இறக்கினார்கள். உடம்பு, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. உள்ளே இருந்ததோ, பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசு. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாட்டு வண்டி ஓட்டின கதை! விலை அதிகம், பெட்ரோலும் குடித்தது. 1988-ல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் மூடிக்கொண்டது.

வாங்கியவர்கள் கதி? கம்பெனி போனால் கார் அநாதை. ஒரு பம்பர் வேண்டுமென்றால்கூட அதே மாடல் வேறெங்கே நொறுங்கிக் கிடக்கிறது என்று தேட வேண்டியதுதான். ஆனால், கிளைமாக்ஸ் வேறு. மூடிய தொழிற்சாலையில் பயன்படுத்தாத ரோவர் பாகங்கள் ஏராளமாகத் தங்கிவிட்டன. பிரிட்டனிலோ எஸ்.டி.1 காரைப் பொக்கிஷமாக வைத்திருப்பவர்கள் புது பாகத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு பாகம் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் அந்த ஸ்டாக்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. நம் ஊரில் தோற்ற காரின் பாகங்கள், இங்கிலாந்துக் கார்களுக்கு மறுவாழ்வு கொடுத்தன!

இதிலிருந்து ஒன்று புரிகிறது. ஒரு பாகத்தின் மதிப்பு, அது புதுசா பழசா என்பதில் மட்டும் இல்லை. அதைச் செய்தவன் இன்னும் இருக்கிறானா என்பதிலும் இருக்கிறது. தொழிற்சாலை ஓடும்வரை புதுசுதான் ராஜா. தொழிற்சாலை மூடிவிட்டால் பழசுதான் ஒரிஜினல். அப்போது ‘புதுசு’ என்று வருவது யாரோ பார்த்துச் செய்த நகலாக இருக்கலாம்.

இதன் உச்சத்தைப் பார்க்க கியூபாவுக்குப் போக வேண்டும். 1960-ல் அமெரிக்கா தன் ஏற்றுமதிக்கு அங்கே கட்டுப்பாடு போட்டது. 1962 பிப்ரவரியில் கென்னடி வர்த்தகத்தை மொத்தமாகவே நிறுத்தினார். ஹவானாவில் ஓடிக்கொண்டிருந்த செவர்லே, பியூக், பிளிமத் கார்களுக்கு ஒரிஜினல் பாகம் வரும் வழி அடைபட்டது. கியூபாக்காரர்கள் அசரவில்லை. அமெரிக்க உடம்புக்குள் ரஷ்ய எஞ்சின், லாடாவிலிருந்து கழற்றியது, வோல்காவிலிருந்து கழற்றியது, பட்டறையில் கடைந்தது என்று வண்டியை ஓட்டினார்கள். புரட்சிக்கு முந்தைய கார்களைத்தான் சுதந்திரமாக வாங்கி விற்கலாம் என்ற விதி 2011 வரை இருந்தது. அதனால் யாரும் அவற்றைச் சாக விடவுமில்லை. 

பார்த்து ஆச்சரியப்படலாம். ஆசைப்பட முடியாது. அறுபது வருஷத்து பிரேக்கை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியுமா?

இனிமேல்தான் விஷயமே. புதுசு, பழசு என்று இரண்டு கட்சி இருப்பதாக நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று, நடுவில் கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. டூப்ளிகேட்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள். தகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள், விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கின்றன என்று கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். 2017-ல் லாஸ் வேகாஸில் ஒரு பெண்ணுக்கு விபத்து. அவர் காரில் இருந்த ஏர்பேக் வெடித்துக் கழுத்தில் பலத்த காயம். விசாரித்தால், அது அந்தக் காருடையதே அல்ல. அடிபட்ட வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது. திரும்பப் பெற வேண்டிய பட்டியலில் இருந்த ஏர்பேக்! காரை வாங்கிய பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பழசுதான் ஆபத்து, புதுசே வாங்கியிருக்கலாம் என்கிறீர்களா? 2024 ஜூலையில் அதே அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒன்பது மாதத்தில் மூன்று பேர் சாவு. காரணம், விபத்துக்குப் பிறகு ரிப்பேர் செய்த கார்களில் மாட்டிய, மட்டமான மாற்று ஏர்பேக் பாகங்கள். அவை மலிவு விலைப் புதுசு!

ஆக, ஒன்று பழசு, இன்னொன்று புதுசு. இரண்டிலும் ஒரே குறைதான். அந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பது வண்டி ஓட்டியவருக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் ஒரிஜினலை வாங்குவதிலும் சிக்கல் இருந்தது. கம்பெனிகள் ஒரிஜினல் பாகங்களை வெளிக்கடைகளுக்கு விடுவதில்லை, தங்கள் டீலர்களிடமே மடக்கி வைத்துக்கொள்கின்றன என்று 2011-ல் ஒரு புகார் போனது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அபராதத்தை விடுங்கள், அந்த வழக்கின் அடிப்படையைக் கவனியுங்கள். ஒரிஜினல் வெளியே கிடைக்காவிட்டால், மெக்கானிக் எங்கே போவார்? டூப்ளிகேட்டுக்குத்தானே போவார்?

சரி, பழசில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? இதற்கு பிரான்ஸில் சட்டமே போட்டுவிட்டார்கள். 2017 ஜனவரி 1 முதல் அங்கே மெக்கானிக், வாடிக்கையாளருக்குப் பழைய பாகத்தையும் ஒரு வாய்ப்பாகச் சொல்லியாக வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய பாடி பாகங்கள், விளக்குகள், உள்ளே இருக்கும் சீட், டிரிம் சமாச்சாரங்கள், பல மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் பாகங்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால், பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, தேய்ந்துபோகும் சஸ்பென்ஷன் பாகங்கள் கிடையாது.

நம் ஊர் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கேளுங்கள். இதே பட்டியலை அவர் சட்டம் படிக்காமலே சொல்வார். ‘டோர், டிக்கி, பம்பர்னா பழசு போதும் சார். பிரேக், ஸ்டியரிங்னா யோசிக்காதீங்க, புதுசுதான்.’ கதவு பழசாக இருந்தால் கொஞ்சம் கிறீச்சிடும், அவ்வளவுதான். பிரேக் கிறீச்சிடுவதோடு நிற்காது.

பிரான்ஸால் இப்படிச் சட்டம் போட முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2000-ம் ஆண்டிலிருந்தே செத்த கார்களுக்கு விதி உண்டு. அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் உடைக்க வேண்டும், உடைத்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும். 2015 முதல், காரின் எடையில் 95 சதவிகிதம் ஏதாவது ஒரு வகையில் மறுபடி பயன்பட வேண்டும். கழற்றிய பாகத்துக்கு ஊர், பேர் எல்லாம் இருக்கும்.

ஊர், பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீரட் நகரத்தின் சோத்திகஞ்ச் உதாரணம். திருட்டுக் கார்களைப் பிரித்து விற்கிறார்கள் என்று கெட்ட பெயர் வாங்கிய சந்தை. 2021 டிசம்பரில் போலீஸ் நடவடிக்கையில் கடைகள் மூடப்பட்டன. அங்கே நேர்மையாகப் பழைய இரும்பு விற்றவரும் இருந்திருப்பார். யார் எவர் என்று எப்படிப் பிரிப்பது? காகிதம் இல்லையே!

அதே 2021-ல் இந்தியாவிலும் பழைய வாகனங்களை உடைப்பதற்கான விதிகள் வந்தன. பதிவு பெற்ற மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ், புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகை. நல்ல ஏற்பாடு. ஆனால், ஒன்று கவலையாக இருக்கிறது. இயந்திரத்தில் போட்டு நசுக்குகிறவருக்குக் கார் என்பது இத்தனை கிலோ இரும்பு. புதுப்பேட்டைக்காரருக்கு அது நூறு பாகம். எது நல்லது, எது கெட்டது என்று தொட்டுப் பார்த்தே சொல்கிற கை அவருடையது. அந்தக் கைக்கு ஒரு காகிதத்தையும் ரப்பர் ஸ்டாம்ப்பையும் கொடுத்தால் போதும், பழைய பாகம் ஒளிந்து விற்கும் சரக்காக இருக்காது. கௌரவமான சரக்காகிவிடும். அந்தக் கையையே ஒதுக்கிவிட்டால், பத்து வருஷத்து காரை வைத்திருக்கிற நடுத்தர வர்க்கத்துக்கு இரண்டே வழிதான் மிச்சம். ஒன்று, கட்டுப்படியாகாத புதுசு. அல்லது, மலிவு விலை டூப்ளிகேட்.

ஆகவே, அடுத்த தடவை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்கும்போது பதறாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டதா? புதுசு, அதுவும் பில்லோடு. மற்றதா? பழசு தாராளமாகப் போதும். ஆனால், எதை வாங்கினாலும் ஒரு கேள்வி பாக்கி வைக்காதீர்கள்: ‘இது எங்கேர்ந்து வந்தது?’

புதுசு விற்பவர் பில்லைக் காட்டட்டும். பழசு விற்பவர் எந்த வண்டியில் கழற்றியது என்று சொல்லட்டும். இரண்டு பேரில் யார் முழிக்கிறாரோ, அவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.